கொழிஞ்சாம்பாறையில் ஒரு பான் மி

பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்தால், கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே இருக்கும், பேச்சிலும் அப்படித்தான். எங்கள் தெருமுனையில், முன்பு தையல் கடை இருந்த ஒற்றை அறையில், சில மாதங்களாக வியட்நாமின் பான் மி, அதாவது நீள ரொட்டிக்குள் இறைச்சியும் காயும் அடுக்கிய சாண்ட்விச், விற்கிறார்கள். கடைக்காரர் வளைகுடாவில் ஓர் ஓட்டல் சமையலறையில் 11 ஆண்டுகள் இருந்தவர். உடன் வேலை செய்த வியட்நாம் சமையற்காரரிடம் இதைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்.

இதற்கு முன் ஒரு பெருநகரத்தில் இதே பெயரில் ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். இனிப்பான பன்னுக்குள் மயோனைஸ் வழிய வழியக் கோழித்துண்டுகளைத் திணித்துக் கொடுத்தார்கள். பான் மி என்ற சொல்லே வியட்நாமிய மொழியில் ரொட்டியைத்தான் குறிக்கிறது. அந்த ரொட்டி சரியில்லை என்றால் உள்ளே எதை வைத்தும் பயனில்லை. நம் பேக்கரி பன்னில் பாலும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்வதால் அது மெத்தென்று இருக்கிறது. இவரோ மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, மிகச் சிறிது சர்க்கரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, அடுப்பின் அடித்தட்டில் கொதிநீர்த் தட்டு ஒன்றை வைத்து ஆவியோடு சுடுகிறார். வெளியே எடுத்து ஆறவைக்கும்போது மேல்தோல் மெல்ல வெடிக்கும் சத்தம், அருகில் நின்றால் காதில் விழும்.

நீள ரொட்டியை வியட்நாமுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்கே வந்து சேர்ந்தனர். அந்த ஆண்டுகளில்தான், தட்டில் தனித்தனியே வைத்து உண்டதையெல்லாம் ரொட்டிக்குள் அடக்கிக் கையில் கொடுக்கும் வழக்கம், இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில் பரவியது.

எனக்கு இதன் உயிர் ஊறுகாயில் இருக்கிறது. நம் எண்ணெய் ஊறுகாய் அல்ல. வேலந்தாவளம் சந்தையில் வாங்கிய முள்ளங்கியையும் கேரட்டையும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, ஒரு துண்டை வளைத்தால் ஒடியாமல் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும் வரை காத்திருக்கிறார். பிறகு கழுவிப் பிழிந்து, வினிகரும் தண்ணீரும் கலந்த புட்டியில் ஊறவிடுகிறார். புட்டியைத் திறந்ததும் முள்ளங்கியின் கந்தக வாடை முகத்தில் அடிக்கும். அதற்கு அஞ்சித் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக வருந்துகிறேன்.

ரொட்டியை ஒரு பக்கம் விட்டு நீளவாக்கில் கீறி, வெண்ணெயில் மிளகோடு வதக்கி அரைத்த கோழி ஈரலை ஒருபுறம் தடவி, சுட்ட கோழி, வெள்ளரிக்காய், ஊறுகாய், காம்போடு கொத்தமல்லி என அடுக்கிக் கடைசியில் சோயா சாஸ் சில சொட்டு விடுகிறார். மிளகாய்க்கு மட்டும் நம் காந்தாரி. முதல் கடியில் தோல் நொறுங்கி, ஈரலின் கனம் நாவில் படிய, உடனே புளிப்பு வந்து அதைக் கழுவிவிடுகிறது. காரம் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பில் இந்த ரொட்டியைத் தொட்டுத் தின்னக் கொடுத்தார். வியட்நாமில் அதற்குப் பெயர் 'கா ரி', நம் கறிதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குப் போன தமிழர்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் கட்டி வாழ்ந்தவர்கள். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்பிலும் இந்த மணம் எழுந்திருக்கும் என்று எண்ணியபடி வழித்துத் தின்றேன்.

நேற்று மாலையும் போனேன். "முள்ளங்கி இன்னிக்கு கொஞ்சம் காட்டமா இருக்குதுங்க, பரவாயில்லீங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் கூடுதலாகவே வைக்கச் சொன்னேன்.