ரோட்டோரம் வேலை பாக்குறவங்கள கொஞ்சம் பாத்து போங்கப்பா
நேத்து ராத்திரி ஓஎம்ஆர்ல மீடியன் ஓரமா மண்ணு கூட்டிட்டு இருந்த அக்காவ ஒட்டி ஒரு கார் போச்சு பாருங்க, போட்டிருந்த பச்சை கோட்டு படபடன்னு அடிச்சுது, பின்னாடி காவலுக்கு ஒரே ஒரு கோன், அதுவும் சாஞ்சு கெடக்கு. அமெரிக்கால இதுக்குன்னே 'மூவ் ஓவர்' சட்டம் 50 மாநிலத்துலயும் இருக்கு, ஓரமா லைட் போட்டு போலீஸோ ஆம்புலன்ஸோ நின்னா பக்கத்து லேனுக்கு மாறணும், முடியலன்னா ஸ்பீட குறைக்கணும், நெறைய மாநிலத்துல ரோடு வேலை வண்டிக்கும் இதே ரூல்தான். இங்க மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 10,000 ரூபா ஃபைன், 6 மாசம் வரைக்கும் ஜெயிலுன்னு வெச்சாங்க, சரி, நல்லதுதான், ஆனா ரோடு கூட்டுறவங்களுக்கு? செக்‌ஷன் 184ல டேஞ்சரஸ் டிரைவிங்னு கேஸ் போடலாம், அது இடிச்சதுக்கு அப்புறம்தான எல்லாருக்கும் ஞாபகம் வருது. நம்மாளுங்க ஹாரன் அடிச்சா போதும்னு நெனைக்கிறானுங்க (அதையும் பக்கத்துல வந்துதான் அடிக்கிறானுங்க), அந்த பக்கம் மீடியன் சுவரு, அவங்க எங்கங்க ஒதுங்குவாங்க?