கத்தரிக்காயை ஒதுக்கிய நான்கு வருஷம்

கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முதலில் தெரிவது முழங்கைதான். கணக்கு டீச்சருக்கு அதை மறைக்க வழியே கிடையாது. 2013 கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், என் இடது முழங்கையில் எட்டணா அளவுக்குச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் பிடித்திருந்தது. தீபாவளிக்குள் இரண்டு முழங்கை, முழங்கால், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று பரவிவிட்டது. காலையில் போர்வையை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். முதல் பெஞ்சில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், தீ சுட்டுருச்சா?" என்று கேட்டாள். அந்த வாரமே முழுக்கை ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன்.

டாக்டர் சொன்ன பெயர் சொரியாசிஸ். எங்கள் திண்டுக்கல் பக்கம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது, எல்லாமே கரப்பான்தான். தோலில் எது வந்தாலும் "என்னத்தச் சாப்பிட்ட?" என்றுதான் முதலில் கேட்பார்கள். விஷயம் தெரிந்ததும் அம்மா வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்து, அடுப்படியில் நின்றபடியே பட்டியல் போட்டார். கத்தரிக்காய், கருவாடு, இறால், மக்காச்சோளம், மாங்காய், புளித்த தயிர். எல்லாம் கரப்பான் பண்டம். "கத்தரிக்காயத் தொடவே கூடாது, சொல்லிட்டேன்."

நான் தொடவில்லை. நான்கு வருஷம். கத்தரிக்காய் போடாத சாம்பார், கருவாடு வாசனையே இல்லாத வீடு. தோலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை தடிப்பு அதிகமாகும்போதும் நேற்று என்ன தின்றோம் என்று மனசு தேடத் தொடங்கிவிடும். முந்தாநாள் ஊறுகாயா? பக்கத்து வீட்டில் கொடுத்த கொழுக்கட்டையா? கொழுந்தன் மகள் கல்யாணத்தில் இலையில் விழுந்த எண்ணெய்க் கத்தரிக்காயை ஓரமாகத் தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, "ஏம்மா, உடம்புல ஏதும் இருக்கா?" என்று பந்திக்கே கேட்கும்படி கேட்டார். ரசம் வரும்வரைக்கூட உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். அந்த நான்கு வருஷத்தில் நோயைவிட எனக்கு அதிகமாக வலித்தது, சோற்றைப் பார்த்துப் பயந்ததுதான்.

2018-இல் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பொறுமையாகப் பேசுகிறவர். இது கெட்ட ரத்தமும் இல்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை, நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தோலை அவசர அவசரமாக வளரவைக்கிறது என்றார். சாதாரணமாகத் தோலின் செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகுமாம், இந்த நோயில் மூன்று முதல் ஐந்து நாளிலேயே மேலே வந்து குவிந்துவிடுகிறது. உரசல் படும் இடத்தில் அதிகம் பிடிக்கும் என்றும் சொன்னார். பேப்பர் திருத்தும்போது மேசையில் முழங்கையை ஊன்றியே உட்காரும் பழக்கம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு எடை பார்த்தார். 81 கிலோ. எந்தக் காய் சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை, எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது என்று விளக்கினார். அவற்றில் ஒன்று டி.என்.எஃப். ஆல்ஃபா. சொரியாசிஸுக்குப் போடும் விலை உயர்ந்த ஊசிகளில் சில, அதைத் தடுப்பதற்காகவே உருவானவை. இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ விளங்கியது. அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 55 ஆய்வுகளை அலசி, அதே 2018-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: எடை கூடியவர்கள் மருந்தோடு சேர்த்து உணவின் அளவைக் குறைத்து எடையை இறக்க வேண்டும். கோதுமையை விடச் சொல்லி எனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருந்தார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள் மட்டும் அதை விட்டுப் பார்க்கலாம் என்கிறது அந்தப் பரிந்துரை. எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அதனால் சப்பாத்தி என் வீட்டில் தொடர்கிறது.

நான் ஒரு நோட்டு போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதனால் விடை மாறியது என்றே தெரியாது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை என் உடம்பில் செய்தேன். சொரியாசிஸுக்கு டாக்டர் கொடுத்து வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அதே அளவு, தேங்காய் எண்ணெய், களிம்பு எல்லாம் அதேபடி. காலை ஐந்து இட்லி மூன்றானது. ஸ்டாஃப் ரூமில் சர்க்கரை போட்ட நாலு டீ, ஒன்றானது. நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். ராத்திரி எட்டரைக்குத் தோசையைச் சுடச் சுடத் தின்றுகொண்டே போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணி மட்டும் இருந்தது, அளவு பாதியாக. அதையும் விட்டிருந்தால் நான் இரண்டாம் மாதமே கைவிட்டிருப்பேன்.

மாதம் ஒருமுறை ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து இடது முழங்கையை அளப்பேன். தொடங்கும்போது நீளவாக்கில் 9 சென்டிமீட்டர். மூன்றாம் மாதமும் 9 தான், ஆனால் செதில் மெலிந்திருந்தது, ராத்திரி அரிப்பு குறைந்திருந்தது. பத்தாம் மாதம் எடை 71, முழங்கைத் தடிப்பு 4 சென்டிமீட்டர். காதுக்குப் பின்னால் சுத்தமாகப் போய்விட்டது. முழங்காலில் இருந்தது மட்டும் குறையவில்லை, இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் கூடும், சித்திரையில் குறையும்.

நடுவில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சாப்பாட்டிலேயே சரியாகிவிட்டது என்ற தைரியத்தில் மாத்திரையை நானாக நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் உள்ளங்கைவரை வந்துவிட்டது, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒன்று: குடி இந்த நோயை முற்றவைக்கும், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் ஈரலையும் பதம் பார்க்கும்.

அம்மாவின் பட்டியலை நான் ஏளனம் செய்யவில்லை. தங்கை மகனுக்கு ஒரு வயதில் வந்தது வேறு, அது எக்சிமா என்ற அரிப்பு நோய். அவனுக்கு முட்டை ஒவ்வாமையும் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. முட்டையை நிறுத்தியதும் அரிப்பு குறைந்தது. அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பெரியவர்கள் பட்டியல் போட்டிருப்பார்கள். ஆனால் பரிசோதனை இல்லாமல் பால், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் பிள்ளையின் வளர்ச்சிதான் அடிபடும்.

எடை நிலைத்த பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு கத்தரிக்காயைச் சோதித்தேன். அன்று அம்மாவும் வீட்டில் இருந்தார். பிஞ்சுக் கத்தரி, காம்போடு நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, புளிக் கரைசல் ஊற்றி மூடிவைத்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை. தினமும் காலையில் அம்மா என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்ப்பார்.

அடுத்த மாதம் வந்தபோது அவர் பையில் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் இரண்டு கிலோ இருந்தது.