பெரிசா ஒண்ணும் மாறலை

"அக்கா, சம்பளம் கூடினதுக்கு அப்புறம் நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

என்னோடு வேலை பார்த்தவள் அவள். கேட்டது இவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். வேறொரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்போது வாங்கிக்கொண்டிருந்ததைப் போல் ஒன்றரை மடங்கு சம்பளம். இரண்டு நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் மூன்று, நான்கு விநாடிதான் யோசித்திருப்பேன். "பெரிசா ஒண்ணும் மாறலைம்மா" என்றேன்.

அவள் போகவில்லை. அந்த வேலையை மறுத்துவிட்டு எங்களோடேயே இருந்தாள். இது நடந்தது 2019-ல். இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதற்குப் போன வாரம் அவள் அனுப்பிய செய்திதான் காரணம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 'போகாதே' என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டது என் அனுபவத்தை, நான் சொன்னதும் என் அனுபவத்தைத்தான். பதவி உயர்வு வந்த மாதம் மனசு மிதந்தது உண்மை. நாலைந்து மாதத்தில் அந்தச் சம்பளம் வெறும் சம்பளம் ஆகிவிட்டது. கூடவே ராத்திரி பதினோரு மணிக்கு அடிக்கும் போனும் வந்தது. காலையில் எழும்போது இருக்கும் மனநிலையை வைத்துப் பார்த்தால் நான் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஓர் ஆய்வையும் துணைக்கு இழுத்தேன். உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010-ல் வெளியிட்டது. அமெரிக்கர்கள் அளித்த 4,50,000-க்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து, குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி மேலே ஏறுவதில்லை என்றார்கள். "நோபல் பரிசு வாங்கினவங்களே சொல்லியிருக்காங்க" என்று அவளிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தொனியும் நினைவிருக்கிறது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தது பின்னால்தான். வருமானம் ஏற ஏற, தன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒருவர் போடும் மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகிறது என்று அதே கட்டுரை சொல்கிறது. அன்றாட மனநிலைக்குத்தான் அந்த உச்சவரம்பு. நோய், மணமுறிவு, தனிமை போன்ற துன்பங்கள் வரும்போது குறைந்த வருமானம் அவற்றின் வலியை இன்னும் கூட்டுகிறது என்றும் அதில் இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் என் பல் ஞாபகத்துக்கு வந்தது.

சம்பளம் கூடுவதற்கு முந்தைய காலத்தில் என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. மாதாமாதம் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கட்டாயம்', வலப்பக்கம் 'தள்ளலாம்'. வாடகை, தவணை, ஃபீஸ் எல்லாம் இடப்பக்கம். கீழ்த்தாடையில் வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்று வலித்துக்கொண்டிருந்தது. அது எட்டு மாதம் வலப்பக்கத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு மாதமும் 'பல்' என்று எழுதுவேன், மாதக் கடைசியில் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு மாற்றுவேன். எட்டு மாதமும் இடதுபக்கமாகவே மென்று சாப்பிட்டேன். பழகிவிட்டது. யாராவது கேட்டிருந்தால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது பல் கூசினாலே மறுநாள் மருத்துவரிடம் போய்விடுகிறேன். அந்த நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. எப்போது எழுதுவதை நிறுத்தினேன் என்பதும் ஞாபகமில்லை. வலி இருந்த மாதங்கள் எனக்குத் தேதியோடு நினைவிருக்கின்றன, வலி இல்லாமல் போன நாள் நினைவில் இல்லை. அப்படிப்பட்ட நான், அவள் கேட்டதும் 'ஒண்ணும் மாறலை' என்று சாட்சி சொல்லிவிட்டேன்.

இதுதான் என்னை உறுத்துகிறது. பணம் வந்து பழகிப்போனவர், பணத்தால் என்ன மாறும் என்பதற்கு நல்ல சாட்சி இல்லை. மாறியது எல்லாம் அவருக்குத் தரைபோல ஆகியிருக்கும். நிற்கிற தரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பணம் இல்லாதவர் மட்டும் நல்ல சாட்சியா என்றால், அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைப்பார். அந்த 'எல்லாம்' சரியாவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் ஏன் வேறு வேலை தேடினாள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன்னைவிட அதிகம் வாங்குகிறார் என்று தற்செயலாக அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை குறை என்று எதையும் சொன்னதில்லை. டேவிட் கார்டும் வேறு சில பொருளாதார அறிஞர்களும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் இதையே சோதித்துப் பார்த்து 2012-ல் எழுதினார்கள். சக ஊழியர்களின் சம்பளம் தெரிந்த பிறகு, தன் பிரிவில் நடு அளவுக்குக் கீழே வாங்குபவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே வாங்குபவர்களுக்கு அதனால் திருப்தி கூடிவிடவில்லை. அவள் என் எதிரில் நின்றபோது, 'இங்கே நான் ஓர் ஆளா இல்லையா' என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்திருக்கலாம். நான் பணத்துக்கு மட்டும் பதில் சொன்னேன். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

தோன்றவில்லையா, இல்லை தோன்றக் கூடாது என்று இருந்தேனா? அந்தச் சமயத்தில் அவள் போயிருந்தால் எங்கள் வேலை மூன்று மாதம் பின்தங்கியிருக்கும். இதை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அவள் மறுத்துவிட்டதாக வந்து சொன்ன மாலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யாருக்காக வந்தது என்று பிரித்துப் பார்க்க இன்றும் தைரியமில்லை.

2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர், வேலையில் இருக்கும் 33,391 அமெரிக்கர்களிடம் நாளின் பல நேரங்களில் போன் வழியாக 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டுச் சேர்த்த விவரங்களை வெளியிட்டார். 75,000-க்கு மேலும் மகிழ்ச்சி ஏறத்தான் செய்கிறது என்றது அது. கானமன் தன் முடிவுக்கு முட்டுக்கொடுக்கவில்லை. மறுத்தவரோடே சேர்ந்து உட்கார்ந்து, பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரையும் வைத்துக்கொண்டு, விவரங்களைத் திரும்ப அலசினார். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, மகிழ்ச்சி மிகக் குறைவாக இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலருக்கு மேல் ஏற்றம் நின்றுவிடுகிறது என்று 2023-ல் மூவரும் எழுதினார்கள். அந்த வயதில், அந்தப் பெயரோடு, ஒரு மனிதர் தன் பழைய முடிவைத் திருத்திக்கொண்டார். நான் அவளிடம் போய் 'அன்னிக்கு நான் சொன்னது அரைகுறை' என்று இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த ஏற்றம் தொகையைவிட விகிதத்தைப் பொறுத்தது. ஆயிரத்தோடு நூறு சேர்வதும் பத்தாயிரத்தோடு ஆயிரம் சேர்வதும் ஏறக்குறைய ஒரே அளவு மாற்றம்தான். என் சம்பளத்தில் இருந்துகொண்டு பார்த்தபோது சின்னதாகத் தெரிந்த தொகை, அவளுக்கு அரைப்பங்கு கூடுதல். அவளோ அந்த உச்சவரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை.

சரி, அவள் போயிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பாளா? தெரியாது. இங்கேயே இருந்து படிப்படியாக மேலே வந்தாள், இப்போது தனியாக ஒரு குழுவையே நடத்துகிறாள். பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகம்தான். என் பல் வலித்த எட்டு மாதமும் நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன் என்பதால், அந்தச் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய என்னால் முடியவில்லை.

போன வாரம் வந்த செய்தி இது: "அக்கா, என் டீம்ல ஒரு பையன் ஆஃபர் வந்திருக்குன்னு வந்து நின்னான். அன்னிக்கு நீங்க எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். யோசிக்கிறேன்னு போயிருக்கான்."

பதிலாக நீளமாக ஏதேதோ டைப் செய்தேன். கானமன், 2023, பல், நோட்டு எல்லாம். பிறகு அழித்துவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: "அவனுக்குக் கடன் ஏதாவது இருக்கா?"

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "தெரியலையேக்கா. நான் கேக்கலை."

2019-ல் அவளுக்கு இருந்ததா என்று நானும் கேட்கவில்லை.