123456789-ஐ உடைத்துப் பார்த்தேன்

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் கால்குலேட்டரில் 1-லிருந்து 9 வரை வரிசையாகத் தட்டிவிட்டு, "அப்பா, இது பிரைமா?" என்றாள். இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆக 9-ஆல் வகுபடும், பிரைம் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்) இல்லை என்றேன். இந்த ஒன்பது இலக்கங்களையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால் எந்த வரிசையிலும் பகா எண் கிடைக்காது. அவள் விடவில்லை. "சரி, 9-ஆல வகுத்தா வர்றது?" 13717421. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கையால்தான் போடுவேன் என்று வீம்பு. சிங்கப்பூரில் யீஷூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் மடியில் நோட்டு. பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்தேன்: 7-க்கு மீதி 4, 11-க்கு 3, 13-க்கும் 3, 17-க்கு 2. இப்படியே போய் 43-இல் மீதி பூஜ்யம்! ஈவு 318947. கோப்பிக்கடையில் பால் விடாத தே ஓ ஆறிக்கொண்டிருக்க, திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் 13714721 வருகிறது. பக்கம் புரட்டும்போது 7-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். கணக்குப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் செய்கிற காரியமா இது? கணக்கு உதைத்து, வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவோம். இங்கே வித்தியாசம் 2700.

7 முதல் 97 வரை 22 பகா எண்கள் முடிந்தன, ஒன்றும் வகுக்கவில்லை. இதன் வர்க்கமூலம் 3703 சொச்சம், அதுவரை வகுத்துப் பார்த்தால்தான் பகா எண்ணா என்று முடிவாகும். அதுவரை 500-க்கும் மேல் பகா எண்கள் இருக்கின்றன, இந்த வேகத்தில் போனால் தீபாவளி வந்துவிடும்.

அப்புறம்தான் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் பழைய வழி ஞாபகம் வந்தது. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், அந்த இரண்டின் கூட்டலும் கழித்தலுமே காரணிகள். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் ஆரம்பிக்க வேண்டும். 3704-இன் வர்க்கம் 13719616, நம் எண்ணைக் கழித்தால் 2195, அது முழு வர்க்கம் இல்லை. 3705-இன் வர்க்கம் 13727025, கழித்தால் 9604. இது 98-இன் வர்க்கம்! இரண்டாவது தடவையிலேயே. 3705-இல் 98-ஐக் கழித்தால் 3607, கூட்டினால் 3803. இரண்டு காரணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம். தள்ளித் தள்ளி இருந்திருந்தால் இந்த வழி படு மோசம்.

மூன்று வாரம் போட்ட வகுத்தல் வீண் என்று நொந்துகொண்டேன், ஆனால் இல்லை. 3607, 3803 இரண்டும் பகா எண்களா என்று பார்க்க 61 வரை வகுத்தால் போதும். இவற்றை வகுக்கும் எண் 13717421-ஐயும் வகுக்கும், அதைத்தான் 97 வரை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறேனே!

மகளிடம் காட்டினேன். "திருப்பி எழுதினா?" என்கிறாள். 987654321 என்பது 123456789-இன் எட்டு மடங்கும் ஒரு 9-உம், அதனால் இரண்டுக்கும் பொதுவாக 9-ஐத் தாண்டி எதுவும் இருக்க முடியாது. 9-ஐ எடுத்தேன், 17 இரண்டு முறை போனது, மிச்சம் 379721. ஃபெர்மா வழியில் இருபது தடவை போட்டும் ஒன்றும் விழவில்லை. வர்க்கமூலம் 616 சொச்சம், மறுபடி வகுத்தல்தான், இப்போது 131-இல் நிற்கிறேன்.