பெரியவரை வழியனுப்ப

அமெரிக்கப் பழங்குடியினரான லக்கோட்டாக்களின் சவப்பெட்டி மேல் விரித்திருக்கும் போர்வையைப் பாருங்கள். சின்னச் சின்னச் சாய்சதுரத் துணிகளை இணைத்துத் தைத்த எட்டு முனை விடிவெள்ளி. ஒரு காலத்தில் காட்டெருமைத் தோலுக்கு இருந்த இடம் அது.

தெற்கு டகோட்டா மாநிலத்தில், லக்கோட்டாக்கள் வாழும் பைன் ரிட்ஜ் பகுதியில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், ஊர்க்கூடத்தில் ஒன்றிரண்டு இரவு விழித்திருப்பார்கள். வருகிற அத்தனை பேருக்கும் மாட்டிறைச்சி சூப், பொரித்த ரொட்டி.

அமெரிக்காவில் அடக்கச் செலவு 2023 கணக்குப்படி சுமார் 8,300 டாலர். குழி, கல், சாப்பாடு தனி.

வசதியற்ற பழங்குடியினருக்கு அரசு உதவி உண்டு. இறந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் அந்தத் தேதிதான் தவறிப்போகிறது.

பணம் கொடுக்க நினைப்பவர்கள், அடக்கத்தை நடத்தித் தரும் நிலையத்திலேயே இறந்தவர் பெயரில் நேராகக் கட்டிவிடுங்கள். முதலில் விலைப்பட்டியல் கேளுங்கள், தந்தே ஆக வேண்டும். பெட்டியை வெளியே வாங்கினாலும் மறுக்க முடியாது.