மடல் வாசிக்காதவன்

எங்கள் பள்ளிக்கூடத்து மலர்க்குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, எங்கடை பழைய அதிபரைப் பற்றி ரெண்டு பக்கம் வேணும். கெதியாய்த் தாங்கோ, பிறெஸ்ஸுக்குக் குடுக்க வேணும்." சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்த வரி, "அறியாமை இருள் அகற்றிய ஆதவனே." எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதே வரியை 1994 வைகாசியில் எழுதி, இதே மனிதரிடம் வெட்டு வாங்கியவன் நான்.

அவருக்கு எங்கள் காலத்தில் கொம்பாஸ் என்று பெயர். பட்டப்பெயரை மலரில் போட வேண்டாம் என்றார்கள். போடாவிட்டால் நான் யாரைச் சொல்கிறேன் என்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் விளங்காது. பெயர்க் காரணம் அவரோடு ஒருநாள் விறாந்தையில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆனியில் அவருக்கு 60 வயது, ஓய்வு. பிரியாவிடைக்கு உயர்தர மாணவர் சார்பில் மடல் ஒன்று வாசித்துக் கொடுக்க வேண்டும். தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்குக் கோட்ட மட்டம் வரை போனவன் என்ற ஒரே தகுதியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சித்திர மாஸ்டர் பிறிஸ்ரல் போட் என்ற தடித்த அட்டையில் கறுப்பு மையால் எழுதி, ஓரத்தில் கும்பமும் மாவிலையும் கீறி, கண்ணாடி போட்டுத் தருவார். யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். கொப்பியே கிடைக்காதபோது பிறிஸ்ரல் போட்டுக்கு எங்கே போவது? ஒரு கடைக்காரரிடம் பழைய இருப்பில் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. பிழை விட்டால் மாற்ற வேறு இல்லை என்பதால், எழுதியதை முதலில் அதிபருக்கே காட்டும்படி மாஸ்டர் அனுப்பிவிட்டார்.

கந்தோரில் ஆசிரியர்கள் நாலு பேர், கிளாக்கர், அனுமதிக்கு வந்த பெற்றோர் இரண்டு பேர். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"கல்விக் கடலே. எனக்கு நீந்தத் தெரியாது தம்பி." சிவப்புப் பேனையால் ஒரு கோடு.

"கலங்கரை விளக்கே. காங்கேசன்துறையிலை ஒண்டு நிக்குது. நாலு வருசமாய் அந்தப் பக்கம் ஆரும் போகேலாது." இன்னொரு கோடு.

இப்படியே கீழ்வரை போனார். ஆசிரியர்கள் சிரித்தார்கள். அனுமதிக்கு வந்திருந்த தகப்பன் ஒருவரும் சிரித்தார். மற்றவர்களை மன்னித்துவிட்டேன், அந்த மனிதரை இன்னும் இல்லை.

"பதினெட்டு வரி எழுதியிருக்கிறீர். இதிலை நான் எங்கை இருக்கிறன்? பேரை மாத்தினால் அடுத்த பள்ளிக்கூடத்து அதிபருக்கும் வாசிக்கலாம்."

ஒரு வரிதான் தப்பியது. "மாரியில் ஒழுகுகிற வகுப்பறையில் வாளி வைத்துவிட்டுப் பிரயோக கணிதம் படிப்பித்தீர்கள்." அதைத் தட்டிக் காட்டி, "இது உண்மை. ஆனால் வாளி என்ரை இல்லை, பியோனின்ரை. அதையும் எழுதும்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போன சைக்கிள் சவாரியில் அவரைத் திட்டாத திட்டில்லை. இரவு ஜாம் போத்தல் விளக்கில் மறுபடி தொடங்கினேன். ஆதவனையும் கடலையும் எடுத்துவிட்டால் பக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு சோக்கை மூன்றாக உடைத்துத் தருவது. 1987 ஐப்பசியில் இந்தியன் ஆமிச் சண்டையில் சனம் வந்து தங்கிப் போன பிறகு, உடைந்த வாங்குகளைச் சுத்தியலோடு தானே இருந்து பொருத்தியது. குண்டு போடுகிற சகடை விமானம் சுற்றுகிறது என்று பங்கருக்குள் இறங்கினால், அங்கேயும் "எங்கை விட்டனாங்கள்?" என்று கேட்பது. அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு றகரத்தை மட்டும் திருத்திவிட்டு "ம்" என்றார். அவரிடம் நான் வாங்கிய பெரிய பரிசு அந்த "ம்" தான். சித்திர மாஸ்டரும் எழுதி முடித்துவிட்டார், அடியில் வாசிப்பவன் என்று என் பெயரோடு.

இதற்கிடையில் வீட்டில் வேறு அலுவல் நடந்துகொண்டிருந்தது. ஐயா நாலு பரப்புத் தோட்டக்காணியை ஈடு வைத்துவிட்டார். கொழும்பில் ஏஜென்சிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்த கதையைச் சொல்லப் போனால் இன்னும் நாலு பக்கம் வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வெளியேறுவது. பிரியாவிடை வெள்ளிக்கிழமை. ஏ.எல். சோதனை ஆவணியில்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு, எல்லோரும் போகும்வரை சைக்கிள் கொட்டிலில் நின்றுவிட்டு, விடுகைப் பத்திரம் எடுக்கப் போனேன். கிளாக்கரோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் பேசாமல் கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதிபர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "விலகும் காரணம் என்னெண்டு எழுத?"

"மேற்படிப்பு, சேர்."

பேனை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எழுதினார்: பெற்றோரின் வேண்டுகோள். நடத்தை என்ற இடத்தில்: நன்று. "மிக நன்று" என்று போடுவார் என்று எதிர்பார்த்தேன், அந்த நேரத்திலும். றப்பர் முத்திரையை அழுத்தி, மையை ஊதிக் காயவைத்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப மடலை ஆர் வாசிக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அடுத்த நாள் இரவு, முன்னால் ஒரு மோட்டர் வள்ளம் இழுக்க, பின்னால் கட்டிய வள்ளமொன்றில் குந்தியிருந்தபோது "எனக்கு நீந்தத் தெரியாது தம்பி" என்பது தான் காதுக்குள் கேட்டது. எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பல வருடம் கழித்துத் தொலைபேசியில் சொன்னவன், என் இடத்தில் ஏறி மடல் வாசித்த நண்பன். மைக் இல்லை. பொன்னாடை, மாலை எல்லாம் முடிந்து அதிபரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரீச்சர்மார் கைலேஞ்சியோடு தயாராக இருந்தார்களாம். அவர் நசனல் சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு தாளை எடுத்து, "பொறுப்புக் குடுக்கிற பட்டியல். புது அதிபருக்கு எழுதினது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்க வேணும்" என்று தொடங்கினாராம்.

"வாங்கு 118. முப்பத்தொண்டு எரிஞ்சு போச்சு. எரிச்சவையைக் குறை சொல்லேலாது, பிள்ளையளுக்குக் கஞ்சி காய்ச்சினவை. நுணுக்குக்காட்டி இரண்டு, ஒண்டுக்கு வில்லை இல்லை. மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒண்டு. றெயில் திரும்ப ஓடினால் வந்து கேட்பினம், குடுக்க வேண்டாம். பங்கர் நாலு, பதிவிலை இல்லை. வாளி ஒண்டு, அது பியோனின்ரை."

சபை சிரித்திருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. கடைசியாக, "உயர்தர வகுப்பு இடாப்பிலை 41 பேர். இண்டைக்கு வந்தது 26" என்று வாசித்துவிட்டு, தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாராம். அந்தப் பதினைந்தில் நான் ஒருவன். மற்றவர்களில் சிலர் எங்கே போனார்கள் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு 16 நாள் போனேன். தேர், தீர்த்தம், இரண்டு கலியாண வீடு, ஒடியற்கூழ் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. அதிபர் வீட்டு ஒழுங்கையால் வானில் இரண்டு தரம் போனோம். "இறங்குங்கோவன்" என்று மனைவி சொன்னார். "திரும்பி வரேக்கை" என்றேன். எதற்குப் பயந்தேன்? "பிரயோக கணிதத்துக்கு என்ன ரிசல்ட்?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது. இங்கே வந்து பின்னேரப் படிப்புப் படித்துக் கணக்காளன் ஆனது உண்மைதான். ஆனால் எழுதாத சோதனைக்கு எந்த நாட்டிலும் புள்ளி கிடையாது. விடுகைப் பத்திரம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. கனடாவில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஊருக்கு ஒரு வளைவு கட்டிக் கொடுத்தோம், அன்பளிப்புச் செய்தவர் பெயர்களோடு. என் பெயர் ஏழாவது. அதிபர் திறப்பு விழாவுக்கு வந்து, பெயர்களை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, "வகுப்பறை ஒழுக்கு நிண்டுட்டுதோ?" என்று மட்டும் கேட்டாராம்.

போன மாசியில், 91 வயதில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டை வீடியோவில் நேரடியாகக் காட்டினார்கள். அங்கே காலை, இங்கே ஸ்காபரோவில் இரவு பதினொரு மணி. கமரா விறாந்தையால் உள்ளே போய், பெட்டிக்குத் தலைமாட்டில் குத்துவிளக்கைக் காட்டி, மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பியது. சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் பழுப்பேறிய ஒரு பிறேம். ஓரத்தில் கும்பம், மாவிலை.

நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், அடியில் இருக்கிற பெயர் தெரியுமா என்று. கண்ணாடியில் ரியூப்லைற் வெளிச்சம்தான் தெரிந்தது.