மூணு மாச டெஸ்ட்டில் 6.0, மெஷினில் 260

அப்பா துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, கிடங்குக்குள் எத்தனை போனது என்று எண்ணியே காலம் தள்ளியவர். சுகர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பழைய யூனியன் டைரியில் கோடு போட்டு, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, பக்கத்திலேயே ‘சங்கரா கொழம்பு, சோறு கம்மி’ என்று பென்சிலில் குறிப்பு வேறு.

குடல்புண்ணில் ரத்தம் கசிந்து ஹீமோகுளோபின் 6.8 வரை இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு வடசென்னை தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் இருக்கும், வழக்கமான சுகர் செக்கப் எடுத்தோம். எச்பிஏ1சி, அதாவது எல்லோரும் சொல்லும் மூணு மாச டெஸ்ட், 6.0 என்று வந்தது. அவருக்கு அது எப்போதும் எட்டை ஒட்டித்தான் வரும். பார்த்த டாக்டர் ‘சூப்பர்’ என்று சொல்லி மாத்திரையைக் குறைத்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அப்பா மட்டும் ரிப்போர்ட்டையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இன்னாடா இது, கணக்கு டேலி ஆவலியே” என்றார். காலையில் 160, 170. சாப்பிட்ட பிறகு 240, 260. எச்பிஏ1சி 6.0 என்றால் சராசரி சுகர் 126 பக்கம் இருக்க வேண்டும். டைரியில் அந்த மாதம் முழுக்கத் தேடினாலும் 126 கிடைக்கவில்லை. வீட்டு சுகர் மெஷின்தான் கோளாறோ என்று, லேபில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த அதே நிமிஷத்தில் விரலிலும் குத்திப் பார்த்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சுகருக்கென்றே இருக்கிற டாக்டரிடம் காட்டலாம் என்று முடிவு செய்தோம். சித்தப்பா, “அடையார்ல நல்ல டாக்டர் இருக்காரு” என்று ஆரம்பித்தார். டாக்டர் எம். விஸ்வநாதன் 1954ல் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை 1971லேயே சர்க்கரைக்கென்று தனி மருத்துவமனையாக மாறிய ஏரியா இது. இங்கிருந்து சுகர் டாக்டர் தேடி அடையாறு போவானேன்? வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் சுகர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் கேட்டு வாங்கினார். “ரத்தம் ஏத்தினாங்களா சார்? என்னிக்கு?” என்றார். தேதியைச் சொன்னதும் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகும். அந்த ஒட்டலை அளப்பதுதான் எச்பிஏ1சி. அப்பா உடம்பில் ஓடியதிலோ ஒரு பங்கு, சுகர் இல்லாத யாரோ கொடுத்த ரத்தம். மீதியில் பெரும்பகுதி, இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகு புதிதாக உருவான இளம் அணுக்கள். ஒட்டவே நேரமில்லை, அப்புறம் எண் எப்படி ஏறும்? சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊற ஊசி போடும்போதும் இதே மாதிரி எண் பொய்யாகக் குறையுமாம். இரும்புச்சத்துக் குறைவை வெகுநாள் கவனிக்காமல் விட்டால் நேரெதிர், பொய்யாக ஏறும்.

ஃப்ரக்டோஸமைன் என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சிவப்பணுவுக்குப் பதில் ரத்தத்தில் இருக்கிற புரதங்களில், முக்கியமாக ஆல்புமினில், ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பது. புரதம் சீக்கிரம் மாறிவிடுவதால் கடைசி இரண்டு மூன்று வாரக் கதையைச் சொல்லும். ஆல்புமினை மட்டும் தனியாகப் பார்க்கிற கிளைக்கேட்டட் ஆல்புமின் டெஸ்ட்டும் உண்டு, எது கிடைக்கிறதோ எடுங்கள் என்றார்.

கிடைப்பதுதான் பாடு. டி.எச். ரோட்டில் ஏறி இறங்கிய லேப்களில் பாதிப் பேர் பெயரையே கேட்டதில்லை. ஒரு இடத்தில் “இருக்கு சார்” என்று பில் போட்டு, ரத்தம் எடுக்காமல் ஒரு டப்பாவை நீட்டினார்கள். பில்லைப் பார்த்தால் ஃப்ரக்டோஸ். அது குழந்தையில்லாதவர்களுக்கு விந்தில் பார்க்கிற டெஸ்ட்! 64 வயது மனிதர் டப்பாவையும் அந்தப் பையனையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கடைசியில் ஒரு பெரிய லேபின் கிளையில் சாம்பிள் எடுத்து வெளியே அனுப்பினார்கள். சில நூறு ரூபாய்தான் ஆனது.

முடிவு 390. சாதாரணமாக 285க்குள் இருக்க வேண்டும். எச்பிஏ1சி கணக்கில் தோராயமாக எட்டுக்கு மேல். டைரி சொன்னதேதான்.

கூடவே ரத்த ஆல்புமினும் பார்க்கச் சொல்லியிருந்தார். அது 4.1, சரியான அளவு. ஏன் என்றால், சிறுநீரில் புரதம் நிறைய ஒழுகி ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் ஃப்ரக்டோஸமைனும் பொய்யாகக் குறைந்துவிடும். கிட்னி கெட்டவர்களுக்கு இந்த டெஸ்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கிட்னி விஷயத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிட்னி வேலையைக் காட்டும் ரத்த டெஸ்ட்டான கிரியேட்டினின் 1.3. “பார்டர்தான், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பக்கூடிய எண். ஆனால் காலையில் முதலில் போகும் சிறுநீரில், புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்த்தால் 140 வந்தது. 30க்குக் கீழே இருக்க வேண்டியது. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் கூடும் என்பதால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதிகம்தான். 6.0ஐ நம்பி மாத்திரையைக் குறைத்தபடியே விட்டிருந்தால் இது சத்தமில்லாமல் ஏறியிருக்கும்.

ஃப்ரக்டோஸமைன் டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம் என்று வீட்டில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஏரிக் என்று ஒரு நீண்டகால ஆய்வு. 1990–92ல் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்து உறையவைத்த ரத்தத்தில் ஃப்ரக்டோஸமைன், கிளைக்கேட்டட் ஆல்புமின் இரண்டையும் அளந்து, யாருக்குப் பின்னாளில் சுகர் வந்தது, யாருக்குக் கிட்னியும் விழித்திரையும் பாதித்தது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். எலிசபெத் செல்வின் குழு 2014ல் வெளியிட்டது. முன்கூட்டிச் சொல்வதில் எச்பிஏ1சிக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதே முடிவு. சமம்தான், மேல் இல்லை. ஆகவே ரத்தக் குறைபாடு எதுவும் இல்லாதவர்கள் இதைத் தேடி அலைவது என் பார்வையில் வீண் செலவு.

டாக்டரம்மா மாத்திரையைப் பழையபடி ஏற்றி, சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், பிரஷருக்கு டெல்மிசார்டன் சேர்த்தார். மூன்று வாரத்தில் ஃப்ரக்டோஸமைன் 318. மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய மூன்று மாதம் காத்திருக்காமல் போனது பெரிய நிம்மதி. ரத்தம் ஏற்றி ஐந்து மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 7.3, டைரியோடு ஒத்துப்போனது. இனி அதுவே போதும் என்றுவிட்டார் டாக்டரம்மா. யூரின் விகிதம் 95க்கு இறங்கியிருக்கிறது. அந்த டெஸ்ட்டை மட்டும் நிறுத்தக் கூடாது என்று சீட்டில் அடிக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.